பத்துமலைக் குகைகளுக்கு ஒரு முழு நாள்: எங்கே தங்குவது, எப்போது ஏறுவது, எதைப் பார்ப்பது

மதுரையிலிருந்து வந்திருந்த பெரியம்மாவை முதல்முறை பத்துமலைக்கு அழைத்துப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். உச்சி வெயிலில் படியேறி, மேலே கூட்டத்தில் இடிபட்டு, சாமி கும்பிட்டு, சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். காரில் உட்கார்ந்ததும் பெரியம்மா கேட்டார்: "குகை குகைன்னு சொன்னியே, அது எங்கடா?" இவ்வளவு நேரம் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கோலாலம்பூரின் செந்தூலில் பிறந்து வளர்ந்தவன். ரயிலில் ஏறினால் பத்துமலை எங்களுக்கு நாலாவது ஸ்டேஷன். ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் அழைத்துப் போகும் வேலை என் தலையில்தான் விழும். அப்படிப் போய்ப் போய், தப்புகளைச் செய்து செய்து, இப்போது ஒரு முறை கைவந்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால்: முதல் நாள் இரவே ரயில் பாதையை ஒட்டித் தங்குங்கள், விடியற்காலையில் ஏறுங்கள், மேலே போனதும் சாமியைப் பார்த்த கண்ணோடு பாறையையும் பாருங்கள். விரிவாகச் சொன்னால் கீழே உள்ளபடி.

போகும் நாளைத் தேர்ந்தெடுப்பது

தைப்பூசத்துக்குப் போவதா, சாதாரண நாளில் போவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் ஒரே இடம், ஆனால் ஒரே பயணம் அல்ல. தைப்பூசத்தில் பத்து லட்சத்துக்கும் மேலான மக்கள் கூடுவார்கள். காவடியும் உறுமியும் வேல் வேல் முழக்கமும் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு ஈடு கிடையாது. குகையைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். பின்னால் வருபவர் தள்ள, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி ஏறி, அதேபோல் இறங்குவீர்கள். 2008 முதல் கோலாலம்பூரிலும் தைப்பூசம் பொது விடுமுறை. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் இரவு முழுக்க ரயில் ஓடும், ஆனால் தங்கும் அறை வேண்டுமென்றால் பல வாரங்களுக்கு முன்பே பதிந்துவிட வேண்டும்.

குகைக்காகப் போகிறவர்களுக்கு செவ்வாய், புதன், வியாழன் நல்லது. வெள்ளிக்கிழமை பக்தர் கூட்டம், சனி ஞாயிறு சுற்றுலாப் பேருந்துக் கூட்டம். மலேசியப் பள்ளி விடுமுறை எப்போது என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. கோலாலம்பூரில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு இறங்கும். ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் கொஞ்சம் அதிகம். காலை நேரம் பெரும்பாலும் வெறித்தே இருக்கும். இதுவும் விடியலில் போகச் சொல்வதற்கு ஒரு காரணம், ஏனென்றால் அந்தப் படிகள் நனைந்தால் வழுக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்

2023 டிசம்பர் முதல் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம். இது அவ்வப்போது நீட்டிக்கப்படும் சலுகை, ஆகவே டிக்கெட் போடும் முன் அப்போதைய நிலையைப் பார்த்துவிடுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசாங்கத்துடையது அல்ல.

வெளிநாட்டவர் விடுதியில் தங்கும்போது அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் காட்டும் அறை வாடகையில் பல சமயம் இது சேர்ந்திருக்காது. வரவேற்பு மேசையில் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துச் சண்டை பிடிக்காதீர்கள். என் சித்தப்பா பிடித்தார்.

எங்கே தங்குவது

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள், மற்ற எல்லாம் இதைப் பொறுத்தது.

பத்துமலை கோலாலம்பூரின் வடக்கே, நகர மையத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். மலை இருப்பது சிலாங்கூர் மாநிலத்தின் கோம்பாக் மாவட்டத்தில். மலையை ஒட்டியே எம்.ஆர்.ஆர். 2 என்னும் வட்டச்சாலை ஓடுகிறது. அதைச் சாலை என்று சொல்வதைவிட ஆறு என்று சொல்லலாம், இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்து போக நினைக்கக்கூடாது.

பெரியம்மாவை இரண்டாவது முறை அழைத்து வந்தபோது, "மலைக்கு அருகில், 600 மீட்டர்" என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு சிறு விடுதியில் அறை எடுத்தேன். 600 மீட்டர் உண்மைதான், காக்கைக்கு. எங்களுக்கு நடுவில் வட்டச்சாலை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு கார் பிடித்து, அது சுற்றித் திரும்பும் இடத்தைத் தேடிப் போய், ஐந்து நிமிடத் தூரத்துக்கு இருபது நிமிடம். ஆகவே அடிவாரத்திலேயே தங்க விரும்பினால், அறை பதியும் முன் வரைபடத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள். நடைவழி எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். கோயில் வளாகம் இருக்கும் பக்கத்திலேயே விடுதி இருந்தால் மட்டும் எடுங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு அடிவாரத்தில் ஓர் இரவு நல்ல யோசனை. இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல்முறை வருகிறவர்களை நான் பிரிக்பீல்ட்ஸில்தான் தங்க வைப்பேன். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே, விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் 28 நிமிடம். பத்துமலைக்கும் அங்கிருந்தே நேரடி ரயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல் சூளைகள் இருந்த இடம், பெயரிலேயே அது இருக்கிறது. பிறகு ரயில்வேயில் வேலை பார்க்க வந்த தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் குடியேறினார்கள். 2010ல் லிட்டில் இந்தியா என்று அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தார்கள், இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்திருந்தார். வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, ஐந்து மணிக்கே திறக்கும் தேநீர்க்கடை என்று ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. இரைச்சல் உண்டு. சாலைப் பக்க அறை வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள்.

கோயில்களைச் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜாலான் துன் எச்.எஸ்.லீ என்னும் தெருவைச் சுற்றிய பழைய நகரப் பகுதி பொருத்தம். பத்துமலையின் தாய்க்கோயிலான ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் அங்கேதான். பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம் நடக்கும் தூரம்.

செந்தூல் எங்கள் ஊர் என்பதால் நான் பட்சபாதமாகத்தான் பேசுவேன். இங்கே விடுதிகள் குறைவு, வீட்டறை வாடகைதான் கிடைக்கும். ஆனால் 1900களின் தொடக்கத்திலேயே ரயில்வே தொழிற்பட்டறை வந்த ஊர், அதில் உழைத்தவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். இன்றைக்கும் காலைப் பசியாறலுக்குச் செந்தூலை அடிக்க ஆளில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருகிறவர்கள் முயன்று பார்க்கலாம்.

போய்ச் சேர்வது

கே.டி.எம். கொம்யூட்டர் ரயிலில் போங்கள். பத்துமலை ஸ்டேஷன் 2010ல் திறந்தது. அதற்கு முன்பு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன காலம் எனக்கு நினைவிருக்கிறது. கே.எல். சென்ட்ரலிலிருந்து சுமார் அரை மணி நேரம், கட்டணம் 3 ரிங்கிட்டுக்கும் குறைவு. பத்துமலைதான் கடைசி நிறுத்தம், தவறவிட முடியாது. எதிர்த்திசையில் ஏறினால் பூலாவ் செபாங் போய்ச் சேர்வீர்கள், ஆகவே தளத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்கிக்கொண்டால் எல்லா ரயிலுக்கும் அது ஒன்றே போதும். நடுப்பெட்டி பெண்களுக்கானது, ஆண்கள் தெரியாமல் ஏறி அசடு வழிவதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

கொம்யூட்டரின் குறை, அடிக்கடி வராது. அரை மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, அன்றைய அட்டவணையைப் பார்த்து அதற்கேற்பக் கிளம்புங்கள். நகரத்தின் வேறு மூலையில் தங்கியிருந்தால் எம்.ஆர்.டி. மெட்ரோ ரயிலின் புத்ராஜெயா தடத்தில் வந்து கம்போங் பத்துவில் இறங்கி கொம்யூட்டருக்கு மாறலாம், அங்கிருந்து இரண்டே ஸ்டேஷன். முதல் ரயில் உங்களுக்குத் தாமதம் என்று பட்டால் போகும்போது கிராப் செயலியில் ஒரு வாடகைக் கார், வரும்போது ரயில். விடியற்காலையில் சாலை காலியாக இருப்பதால் கிராப் கட்டணமும் குறைவாக இருக்கும்.

எதை உடுத்துவது, எதைக் கொண்டு போவது

முட்டி மறையும் உடை. இல்லையென்றால் படியடியில் வாடகைக்குச் சேலைத்துண்டு கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். செருப்போடு படியேறலாம், சன்னிதிக்குள் மட்டும் கழற்ற வேண்டும். நல்ல பிடிப்புள்ள காலணியாக இருக்கட்டும். குடிநீர் பைக்குள்ளே இருக்கட்டும், கையில் வேண்டாம்.

கையில் ஏன் வேண்டாம் என்றால் குரங்குகள். நீண்ட வால் கொண்ட இந்தக் குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை என்றால் அதில் சாப்பாடு என்று அர்த்தம். அர்ச்சனைத் தட்டு, வாழைப்பழம், குளிர்பானப் புட்டி எதையும் விடாது. என் அக்கா மகள் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கி, மூடியைத் திருகித் திறந்து, ஆரஞ்சுச்சாறு குடித்துவிட்டு, காலிப் புட்டியைப் படியில் உருட்டிவிட்டது ஒன்று. பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

படியேற்றம்

காலை ஏழு மணி வாக்கில் அடிவாரத்தில் நின்றால் போதும். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது பச்சை நிறத்தில் நிற்கும் 15 மீட்டர் அனுமார். அவரைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். கடை வரிசையைத் தாண்டினால் திடல், புறாக்கள், அந்தப் பக்கம் முருகன்.

சிலையின் உயரம் 42.7 மீட்டர், நம் கணக்கில் 140 அடி. 2006 ஜனவரியில் திறந்தார்கள். உலகிலேயே உயரமான முருகன் சிலை என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2022ல் சேலம் மாவட்டத்து முத்துமலை முருகன் 146 அடியில் எழுந்துவிட்டார். சேலத்துக்காரர்களோடு போனால் இந்தப் பேச்சு கட்டாயம் வரும், தயாராக இருங்கள்.

படிகள் 272. 1920ல் மரப்படி போட்டார்கள், கான்கிரீட் பின்னால் வந்தது. இப்போது காணும் வானவில் வண்ணம் 2018 குடமுழுக்கை ஒட்டிப் பூசியது. பழைய சிவப்பு வெள்ளையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது பழக ஒரு வருடம் பிடித்தது. படத்துக்கு நன்றாக வருகிறது என்பதை மறுக்கவில்லை.

ஒவ்வொரு படியும் குறுகல், ஏற்றம் செங்குத்து. பாதியில் மூச்சு வாங்கும். ஒரே மூச்சில் ஏறி யாருக்கும் ஒன்றும் நிரூபிக்க வேண்டியதில்லை, இடையிடையே வரும் சமதளங்களில் நின்று திரும்பிப் பாருங்கள். காலை மூட்டத்தில் நகரம் மெல்ல மெல்லத் தெரியும். இறங்கும்போதுதான் உண்மையான கவனம் தேவை, கைப்பிடிக் கம்பியை விடாதீர்கள். திருப்பணி நடக்கும் காலமாக இருந்தால் அடிவாரத்தில் செங்கல்லோ மணல் வாளியோ வைத்து மேலே கொண்டுபோகச் சொல்வார்கள். தூக்க முடிந்தவர்கள் ஒன்று தூக்கலாம்.

முழுதாக ஏற முடியாத பெரியவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். இப்போதைக்குப் படியைத் தவிர வேறு வழி கிடையாது. கீழே அவர்கள் பார்ப்பதற்கும் குகைகள் இருக்கின்றன, சொல்கிறேன்.

மேலே, கோயில் குகையில்

வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தக் குகைவாய் வேல் வடிவில் இருப்பதாகக் கண்டுதான் கே. தம்புசாமிப் பிள்ளை இங்கே முருகனுக்குக் கோயில் எழுப்ப நினைத்தார் என்பார்கள். கோலாலம்பூரில் 1873ல் மகாமாரியம்மன் கோயிலை நிறுவியவர் அவர். 1890ல் இங்கே முருகனை வைத்தார், 1892லிருந்து தைப்பூசம் நடக்கிறது. இன்றைக்குப் படியேறவே மூச்சு வாங்குகிற நமக்கு, அன்றைக்குப் படியே இல்லாத பாறையில் காட்டைப் பிடித்து ஏறி விளக்கேற்றியவர்களை நினைத்தால் பேச்சு நின்றுவிடும்.

ஆனால் குகையின் கதை அங்கே தொடங்கவில்லை. இந்தப் பாறை கிட்டத்தட்ட 40 கோடி ஆண்டு பழையது. கடலடியில் சிப்பியும் பவளமும் மற்ற உயிர்களின் ஓடுகளும் படிந்து படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். பின்னால் நிலம் உயர்ந்து மலையாயிற்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இலேசான அமிலமாகி, பாறையின் வெடிப்புகளில் இறங்கி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. கரைந்த இடம்தான் நீங்கள் நிற்கும் மண்டபம். கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாக வடியும்போது திரும்பப் படிந்து, கூரையிலிருந்து தொங்கும் கூம்புகளாகவும் தரையிலிருந்து எழும் திட்டுகளாகவும் ஆயிற்று. தலையை நிமிர்த்திப் பாருங்கள், இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். உங்கள் தோளில் ஒரு சொட்டு விழுந்தால் துடைக்க அவசரப்படாதீர்கள், அந்த நீர் பாறைக்குள் நெடுவழி வந்திருக்கிறது.

வாசலிலிருந்து சில படி இறங்கினால் பெரிய மண்டபம். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். காலை ஏழரைக்கு அங்கே அர்ச்சகர், பெருக்குகிற ஓரிருவர், நாலைந்து பக்தர்கள், அவ்வளவுதான். மணி அடித்தால் அந்த ஓசை கூரை வரை போய்த் திரும்புவது கேட்கும். ஒன்பது மணிக்கு மேல் இது கேட்காது. பெரியம்மா இரண்டாவது முறை வந்தபோது தூணோரம் உட்கார்ந்து அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை.

பலரும் முருகன் சன்னிதியோடு திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். மண்டபத்தின் கடைசியில் இன்னொரு படிவரிசை உண்டு, அதில் ஏறினால் பின்குகை. அங்கே கூரை இடிந்து வானம் திறந்திருக்கிறது. சுற்றிலும் கிணற்றுச்சுவர்போலப் பாறை, அதன் விளிம்பில் மரங்கள், வேர்கள் கீழே தொங்கும். நடுவே வள்ளி தெய்வானையோடு முருகன். வெயில் ஏறியதும் மேலிருந்து ஒளி சாய்வாக இறங்கும், அதற்காகக் காத்திருக்கலாம். குரங்குகளின் தலைமையகமும் இதுதான் என்பதால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருங்கள்.

பெயரைப் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். மலாய் மொழியில் பத்து என்றால் கல், பக்கத்தில் ஓடும் ஆறு சுங்கை பத்து. நம் ஆட்கள் அதைத் தமிழில் எடுத்துக்கொண்டு வேறொரு கணக்குப் போட்டார்கள்: அறுபடை வீடு ஆறு, மலேசியாவில் ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை மூன்று, ஆக இது பத்தாவது மலை. மொழி ஆராய்ச்சியில் நிற்காது. பாட்டிமார்கள் சொல்லும்போது நன்றாகத்தான் நிற்கிறது.

இருட்டுக் குகை

படியில் முக்கால்வாசி ஏறியதும் இடப்பக்கம் பிரியும் பாதைதான் இருட்டுக் குகைக்குப் போவது. சாமி இல்லாத குகை. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கவழிகள் உள்ளே ஓடுகின்றன. 2019ல் மூடினார்கள். திறந்துவிட்டார்களா என்று போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்க்க முயல வேண்டாம். மூடியிருந்தாலும் அதைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நீங்கள் மேலே பார்த்த மண்டபம், மின்விளக்கும் சிமெண்டும் வருவதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

திறந்திருந்த காலத்தில் வழிகாட்டியோடு, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஓரிடத்தில் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாத இருட்டு. எங்கோ மேலே வௌவால்கள் சலசலக்கும் சத்தம், நாசியைத் துளைக்கும் எச்ச வாடை. அந்த எச்சம்தான் அங்கே எல்லா உயிருக்கும் சோறு. அதைத் தின்று கரப்பானும் பூச்சிகளும் வாழ, அவற்றைத் தின்று சிலந்தியும் பூரானும் வாழ்கின்றன. அங்குள்ள ஒரு சிலந்தியின் அறிவியல் பெயரிலேயே பத்து இருக்கிறது: லிபிஸ்டியஸ் பத்துயென்சிஸ். வயிற்றில் கட்டம் கட்டமாகத் தகடுகள் கொண்ட, மிகப் பழைய சிலந்திக் குலத்தைச் சேர்ந்தது. பட்டுக்குழல் கட்டி, அதற்குக் கதவு போட்டு, வாசலில் நூல்களை விரித்துவிட்டு உள்ளே காத்திருக்கும். நூலில் கால் பட்டால் கதவு திறக்கும்.

வௌவால் எச்சத்துக்கு மனிதர்களும் வந்தார்கள். தெமுவான் பழங்குடியினர் இக்குகைகளில் ஒதுங்கியிருந்தார்கள். 1860களில் சீனக் குடியேறிகள் தங்கள் காய்கறித் தோட்டத்துக்கு உரமாக எச்சத்தைத் தோண்டி எடுத்தார்கள். 1878ல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே வந்து எழுதிய பிறகே வெளியுலகத்துக்குத் தெரிந்தது. உள்ளூரில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று. சுண்ணாம்புக் குகைகளில் தங்கும் தேன் வௌவால் இரவில் பறந்து போய்த் தேன் குடிக்கும் பூக்களில் டுரியான் பூவும் ஒன்று. மாலையில் மலரும் அந்தப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது அதுதான். டுரியான் பருவத்தில் வந்து தோலை உரித்து உட்காரும்போது குகைக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள். வாடை பிடிக்காதவர்கள் குற்றத்தையும் அங்கேயே சொல்லலாம்.

கீழே உள்ள குகைகள்

இறங்கியதும் இளநீர். அதற்குப் பிறகு அடிவாரக் குகைகள். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு, மேலே உள்ள கோயில் குகைக்கு இல்லை.

ரயில் நிலையப் பக்கம், அனுமாருக்குப் பின்னால், இராமாயணக் குகை. வண்ண விளக்கில் இராமாயணக் காட்சிகள் சிலைகளாக. கும்பகர்ணன் படுத்திருப்பதும் அவனை எழுப்ப ஆட்கள் படும் பாடும்தான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. எனக்கு சிலைகளைவிட குகைதான் பிடிக்கும்: உயரமான கூரை, கூட்டமில்லாத அமைதி, உள்ளே மேலேறினால் சுயம்பு லிங்கம் ஒன்று. இங்கே படிகள் குறைவாகவே ஏற வேண்டியிருக்கும் என்பதால், மேலே ஏற முடியாத பெரியவர்களுக்குக் குகை என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

படிக்கட்டின் பக்கத்தில் இருப்பது குகை வில்லா. 2008ல் புதுப்பித்துத் திறந்தார்கள். சூரபத்மன் கதையைச் சொல்லும் சிலைகளும் ஓவியங்களும் குளமும் உண்டு. நேரம் குறைவென்றால் இதை விட்டுவிட்டு இராமாயணக் குகைக்குப் போங்கள்.

சாப்பாடும் மீதி நாளும்

அடிவாரத்தில் சைவ உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. தோசையும் வடையும் காப்பியும் நன்றாக இருக்கும், விலை சுற்றுலா இட விலை. பத்து மணிக்குள் இறங்கிவிட்டீர்களானால் பசியை அடக்கிக்கொண்டு ரயிலேறி செந்தூலில் இறங்குங்கள் என்பேன். பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் இழுத்து ஆற்றிய தேநீரான தே தாரிக்கும் சாப்பிடலாம், அல்லது தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவிய இடியாப்பம், இங்கே அதற்குப் பெயர் புத்து மாயம்.

வெயில் நேரத்தை அறையில் தூங்கிக் கழித்துவிட்டு மாலையில் பழைய கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்குங்கள். 1910ல் கட்டி முடித்த, குவிமாடங்கள் கொண்ட வெள்ளைக் கட்டடம், அதையும் சுற்றிப் பார்க்கலாம். அங்கிருந்து பாதசாரி மேம்பாலம் பசார் செனி என்னும் சந்தைப் பக்கம் கொண்டுவிடும். சில நிமிட நடையில் மகாமாரியம்மன் கோயில். 22.9 மீட்டர் இராஜகோபுரம், வாசலில் மல்லிகைச் சரம் கட்டும் கடைகள். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு இரவில் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் கிளம்பி, ஜாலான் ஈப்போ வழியாகப் பத்துமலை போய்ச் சேரும். நீங்கள் ரயிலில் அரை மணியில் கடந்த தூரத்தை அது இரவெல்லாம் நகர்ந்து, மறுநாள்தான் முடிக்கும். வழியெங்கும் தேங்காய் உடைத்து எங்கள் தெருவே வெள்ளையாகிவிடும்.

கோயிலுக்கு ஆறரை மணிக்குள் போய்விட்டால் மாலைப் பூசைக்கு நிற்கலாம். காலையில் ஏறிய கால்கள் அப்போதுதான் கெஞ்ச ஆரம்பிக்கும், ஆகவே இரவுச் சாப்பாட்டுக்கு நெடுந்தூரம் நடக்கும் திட்டம் வைத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் தொடைவலிக்கு விடுதிப் பக்கத்து மருந்துக்கடையில் தைலம் கிடைக்கும்.